எல்லாருக்கும் ஒரே நம்பர்

ஒரு காலத்தில் எங்கள் கிளினிக்கின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருந்தால், ஒரத்தநாடு ரோட்டில் ஒரு தெருவே ஒற்றை செல்போனை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது என்றுதான் நினைத்திருப்பீர்கள். சர்க்கரைக்காரர், இருதயக்காரர், மூட்டுவலிக்காரர் எல்லாருக்கும் ஒரே நம்பர். அந்த நம்பருக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேர் வேண்டாம். நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அக்கா, அவ்வளவுதான்.

நான் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். உள்ளே நுழைந்ததும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டோக்கன் கொடுத்துக்கொண்டு எல்லாரிடமும் திட்டு வாங்குகிற ஆள் நான்தான். டாக்டர் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். "இனிமே பேஷண்டுக்கு நாம போன் போட வேண்டாம்மா, அதுவே மெசேஜ் அனுப்பிடும்" என்றார். அதுவே என்று சொல்வது அவருக்குச் சுலபம். எப்போது, எதற்கு, என்ன அனுப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மறுபடி பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஒரு செய்தி. ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி ஒன்று. பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் தன் திரையில் சிவப்பைத் தட்டினால், 'மருத்துவரை உடனே சந்திக்கவும்' என்று ஒன்று. கிடைத்தவர் பதிலுக்கு 1 என்று அனுப்ப வேண்டும். 1 வந்துவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று கணக்கு, அந்தப் பேர் பச்சையாகி ஒதுங்கிவிடும். வராத பேர்கள் மட்டும் என் திரையில் வந்து நிற்கும். அவர்களுக்கு நான் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

பழைய பேர்களை ஏற்றும்போது கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. இந்த எண் ஏற்கெனவே பதிவில் உள்ளது, உள்ளது என்று ஒரே புலம்பல். சென்னையிலிருந்து போனில் சொல்லிக்கொடுத்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர், "வாய்க்கு வந்த நம்பரக் குடுத்திருப்பாங்க மேடம், அழிச்சிடுங்க" என்றார். மேடம் என்று கூப்பிட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அழிக்காமல் அந்த நம்பருக்கே போட்டுப் பார்த்தேன்.

"எத்தன ஆளு வேணும்?"

எடுத்த எடுப்பில் இப்படி ஒரு குரல். பின்னால் தண்ணீர் சளசளக்கிற சத்தம், பெண்கள் சிரிக்கிற சத்தம்.

"என்னது?"

"வியாழன் வரைக்கும் ஆளு கெடையாது. வெள்ளின்னா சொல்லுங்க. நாத்து பறிச்சாச்சா?"

நடவுக்குப் பெண்களைத் திரட்டிக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர். சுற்றுவட்டத்து மிராசுதாரும் குத்தகைக்காரரும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அதனால் அவருடைய செல்லில் எப்போதும் சார்ஜ் இருக்கும், எப்போதும் காசு போட்டிருக்கும். தெருவில் பாதிப் பேரின் பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். கிளினிக்கில் நம்பர் கேட்டால் பெரியவர்கள் யோசிக்காமல் இவருடையதைச் சொன்னார்கள்.

நான் யாரென்று சொன்னதும் குரல் தாழ்ந்தது. "யாருக்கு என்னா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. இத்தனை பேரு உங்க நம்பரக் குடுத்திருக்காங்க. எல்லா மெசேஜும் உங்களுக்கே வரும். பரவால்லியா?"

"எனக்கு வராம வேற யாருக்கு வரும்?" என்று என்னையே அதட்டினார்.

அடுத்த வாரமே மூன்று பெரியவர்களை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். புடவைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, காலில் போகாத சேற்றுக்கறை, இடுப்பில் பாலிதீன் பையில் சுற்றிச் செருகிய செல். என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். ஐந்தாவது வரை படித்திருந்தார். செய்தி வந்தால் ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுக் கூட்டிப் படிப்பார். படித்ததும் கட்டைவிரல் நகத்தால் 1 போட்டுவிடுவார். அது அவர் பொறுப்பேற்றுக்கொண்டதற்கு அடையாளம். ஆனால் செய்தியை அழிக்க மாட்டார். சாயங்காலம் வயலிலிருந்து திரும்பி, உரியவர் வீட்டு வாசலில் நின்று சொல்லி முடித்த பிறகுதான் அழிப்பார். போனில் கூப்பிட்டுச் சொன்னால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"மொகத்தப் பாக்காம சேதி சொல்லலாமா பாப்பா? நல்லாருக்கே உன் ஞாயம்!" என்றார்.

சொல்வது என்றால் வந்ததை வந்தபடி சொல்வதில்லை. அங்கேதான் வம்பே. ஒரு பெரியவருக்கு இருதயப் படத்தில் ஏதோ கோளாறு, சிவப்புச் செய்தி போனது. மறுநாள் அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டு, டாக்டர் அறைக்குள் போய் உட்கார்ந்து, "வாய்க்கா கடைமடையில மட்டும் வாங்கிராதீங்க சார். தண்ணி வந்து சேராது. பட்டா யாரு பேருல இருக்கு?" என்று ஆரம்பித்திருக்கிறார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் என்னவென்றால், டாக்டர் நிலம் வாங்கப் போகிறார், உங்களிடம் யோசனை கேட்க வேண்டும் என்று உடனே வரச்சொன்னார் என்பதாக அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். டாக்டர் நல்ல மனுஷர். கொஞ்ச நேரம் நிலத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அப்படியே சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கே மருந்து ஆரம்பித்ததால் பெரியவர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு வரும்போதெல்லாம், "கெரயம் முடிஞ்சுதா சார்?" என்று கேட்டு டாக்டரின் உயிரை எடுத்தார்.

இன்னொரு சண்டையும் உண்டு. சாஃப்ட்வேரில் ஒவ்வொரு செய்திக்கும் கீழே 'நன்றி, மீண்டும் வருக' என்று கம்பெனிக்காரர்களே போட்டுவைத்திருந்தார்கள். அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார்.

"இது என்னா ஓட்டலா? ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் வான்னு யாராச்சும் சொல்லுவாங்களா? எடு மொதல்ல."

எடுத்துவிட்டேன். அவர் கிளினிக்கை விட்டுக் கிளம்பும்போதும் சொல்லிக்கொள்ள மாட்டார். இவ்வளவு நேரம் வாயடித்துக்கொண்டிருந்தவர், நான் ஒரு டோக்கன் எழுதி நிமிர்வதற்குள் எழுந்து போயிருப்பார். ஆஸ்பத்திரியிலும் இழவு வீட்டிலும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனாலும் இவர் அளவுக்கு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்பது ஒரு மழை நாளில்தான் தெரிந்தது. டாக்டர் வரத் தாமதம், பஸ்ஸும் இல்லை, கூட்டமும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்க அப்பா எழவு சொல்லப் போற ஆளு பாப்பா."

அந்தக் காலத்தில் பண்ணைக்காரர் தெருவில் சாவு விழுந்தால், அக்காவின் தெரு ஆள்தான் உறவுக்காரர் ஊருக்கெல்லாம் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்கிற இடத்தில் அந்தத் தெரு இல்லை. சின்ன வயதில் அப்பாவோடு இரண்டு மூன்று முறை இவரும் போயிருக்கிறார்.

"வாசலுக்கு வெளியதான் நிக்கணும். அப்பா வாயத் தொறக்கவே மாட்டாரு. அவரப் பாத்ததுமே உள்ளேருந்து அழுவ ஆரம்பிச்சிருவாங்க. அதுகூடப் பரவால்ல. நல்ல நாள்ல கடத்தெருவுல எதுக்க வந்தாக்கூட மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. பாவம், அந்த மனுசன் வெத்தல வாங்க வந்திருப்பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"என்னயப் பாத்து ஒருத்தரு மொகமும் கறுக்கக்கூடாதுன்னு அப்பவே நெனச்சிக்கிட்டேன்" என்றார்.

இப்படிச் சொல்வதால் அவரை ஒரு தெய்வப்பிறவி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் குணத்தால் கெடுதலும் நடந்தது. சர்க்கரைக்கார அம்மா ஒருவருக்குக் காலில் புண். உடனே வரச்சொல்லிச் செய்தி போனது. இவர் போய், கதை கதையாகப் பேசிவிட்டு, "தோதுப்பட்டப்ப ஒரு நட போயிட்டு வா" என்று முடித்துவிட்டார். அந்த அம்மா தோதுப்பட்டபோது வந்தார். அதற்குள் கால்விரலை எடுக்கும்படி ஆகிவிட்டது. அன்று நான் அக்காவை நன்றாகவே திட்டினேன். உடனே என்றால் உடனே என்று சொல்ல வேண்டியதுதானே, உங்களுக்கு என்ன கேடு என்றுகூடக் கேட்டுவிட்டேன். எதிர்த்துப் பேசாத ஆள் இல்லை அவர். அன்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"சொல்லணும்னுதான் போனேன் பாப்பா. மொகத்தப் பாத்தேன். வாயி வரல."

அந்த வருஷம் சம்பா நடவு தாமதமாகத்தான் ஆரம்பித்தது. புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்பட்டது. நடவு மெஷின்கள் பாதி வயல்களைப் பிடித்துக்கொண்டன. மிச்சத்தைப் பிடிக்க அக்கா ஓடியாடிக்கொண்டிருந்தார். அதற்கு நடுவிலும் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார். அப்படி வந்த ஒரு நாளில் அவரே டாக்டரிடம் காட்டிக்கொண்டதும், ஏதோ பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்ததும் எனக்குத் தெரியும். வயிற்று வலி என்றார். மாதவிலக்கெல்லாம் எப்போதோ நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டதை என்னிடம்கூட அவர் சொல்லவில்லை.

முடிவு வந்த அன்று டாக்டர் சிவப்பைத் தட்டியிருக்கிறார். செய்தி அக்காவின் நம்பருக்குப் போனது. அந்த நம்பருக்குப் போகிற எல்லாச் செய்திக்கும் வருவதுபோல உடனே 1 வந்தது. பச்சையாகிவிட்டது. என் திரைக்கு அந்தப் பேர் வரவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து வந்திருந்தார். வழக்கம்போல யாரையோ உள்ளே அனுப்பிவிட்டுத் தடுப்புக்கு முன்னால் நின்றார். வாயடிக்கவில்லை.

"பாப்பா, டாக்டரு செவப்ப தட்டுனா, என்னா ஏதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? அது டாக்டருக்கும் பேஷண்டுக்கும்தான். நடுவுல நான் யாரு?"

"நீயும் சொல்லமாட்ட, மெசினும் சொல்லாது" என்றார். "சரி, யாருதான் சொல்லுவா?"

யாருக்கோ கேட்கிறார் என்று நினைத்தேன். "டாக்டர்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனுக்குத் திரும்பினேன். நிமிர்ந்தபோது போயிருந்தார்.

தை பிறந்து அறுவடை நடக்கிற சமயம். நாலு பெண்கள் அக்காவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடவுக்கு அவர் கூட்டிக்கொண்டு போகிற பெண்கள். சட்டை அவர் உடம்பில் மாட்டி வைத்ததுபோல் தொளதொளவென்று கிடந்தது. டாக்டர் பழைய முடிவை எடுத்துப் பார்த்தார். அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "வந்து பாக்கச் சொல்லி அப்பவே அனுப்பினேனே, கெடைச்சுதுன்னு பதில் போட்டிருக்கீங்களே!" அக்கா டாக்டரின் முகம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் சிவப்புக்கு மெஷின் பேசுவதில்லை, டாக்டரே போனில் பேசுகிறார். அக்காவுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா இருந்த வார்டுக்குப் போவேன். ஒரு நாள் கஞ்சி ஆற்றிக்கொடுத்துக்கொண்டே, எனக்கு ஆத்திரம் தாங்காமல் கேட்டுவிட்டேன். படித்தீர்கள்தானே, 1 போட்டீர்கள்தானே, பிறகு ஏன் வரவில்லை?

"நடவு முடியட்டும்னு இருந்தேன். அப்பறம் களையெடுப்பு வந்துருச்சு."

"அப்பறம்?"

ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் நான் போயிச் சொன்னேன் பாப்பா. எனக்கும் யாராச்சும் வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் அழுகையைப் பார்த்துவிட்டு அவர்தான், "சீச்சி, என்னா இது, நான் என்னா இப்ப செத்தா போயிட்டேன்? கோடை நடவுக்கு ஆளு கூப்புடணும்" என்று என்னை அதட்டினார். அதுவும் அவர் மாற்றிச் சொன்ன சேதிதான்.

அவர் போன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நடுவில் இரண்டு நாள் வார்டுக்குப் போக முடியாமல் போய்விட்டது. மூன்றாம் நாள் போனபோது அந்தக் கட்டிலில் வேறொரு அம்மா படுத்திருந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்ற என்னைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டார். பழத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த விசித்திரம் நடந்தது. அந்த நம்பருக்குப் போகிற செய்திக்கெல்லாம் 1 வந்துகொண்டே இருந்தது. முதல் தடவை பார்த்தபோது திரையை மூடித் திறந்து மறுபடி பார்த்தேன். மகனோ மருமகளோ பார்க்கிறார்கள் போலும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிலத்து யோசனைப் பெரியவர் பச்சையில் இருந்தார், ஆனால் வரவில்லை. கால்விரல் எடுத்த அம்மாவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே புது ஆற்றுப் பாலம் தாண்டிப் போனேன்.

தெருவில் முதலில் பெரியவரைத்தான் பார்த்தேன். "சேதியே வரலியேம்மா" என்றார். அவருக்கும் மற்றவர்களுக்கும் பேரன், பக்கத்து வீடு, பால்காரர் என்று ஆளுக்கொரு புது நம்பர் வாங்கிக் குறித்துக்கொண்டேன். கடைசியாக அக்கா வீட்டுக்குப் போனேன்.

காலனி வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம், எழுத்து தெரியாது. பிள்ளையில்லாத வீடு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா தன் வீட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மடியில் அதே பாலிதீன் பை, உள்ளே அதே செல்.

"இது சத்தம் போட்டா அவ ஒண்ண அமுக்குவா. பாத்திருக்கேன்" என்றார். "நானும் அமுக்கிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். ஒண்ணயும் விடல."

சரிங்கய்யா, ரொம்ப நல்லது என்றேன். வேறு என்ன சொல்வேன்?

"இதுல ஒரு சேதி மட்டும் என்னான்னு பாத்துச் சொல்லுங்க. நடவப்ப வந்துச்சு. ராவும் பகலும் அதயே எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தா."

படியில் உட்கார்ந்து, செல்லை வாங்கித் தேடினேன். அந்தச் சமயத்துச் செய்திகளில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். சொல்லி முடித்ததையெல்லாம் அழிக்கிறவர் இதை அழிக்கவில்லை. மேலே அவர் பேர். கீழே, மருத்துவரை உடனே சந்திக்கவும். அதற்குக் கீழே அவர் போட்ட 1. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"என்னாடி அதுன்னு அப்பவே கேட்டேன். ஆஸ்பத்திரிப் பாப்பா நான் சௌக்கியமான்னு கேட்டிருக்குன்னு சொன்னா." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அதானேம்மா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்கய்யா" என்றேன். "அதான் கேட்டிருந்தேன்."

"பதில் போட்டாளா?"

"போட்டாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். செல்லை வாங்கி, பத்திரமாகப் பாலிதீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இனிமேலும் அப்பப்பக் கேட்டு அனுப்புங்கம்மா. நான் ஒண்ணு போடுறேன்" என்றார்.

எல்லார் நம்பரையும் மாற்றிக் குறித்த காகிதம் என் கைப்பைக்குள் இருந்தது. இனி அந்த செல்லுக்கு எங்களிடமிருந்து ஒரு செய்தியும் போகாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுந்தேன். இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். அக்கா இருந்திருந்தால் என்னைக் கொன்றிருப்பார்.

"போயிட்டு வரேங்கய்யா" என்றேன்.

"வாங்கம்மா" என்றார் அவர்.